66 படிக்கு மேல ஒரு சம வாய்ப்பு மையம்: எங்க கல்லூரி முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

முதல்வர் மேடத்துக்கும் நிர்வாகக் குழுவுல இருக்கற எல்லாருக்கும்,

போன திங்கக்கெழம சாயங்காலம் டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் க்ரூப்ல ஒரு சர்க்குலர் வந்துச்சு. மூணே வரி. லைப்ரரிக்கு பக்கத்துல தரைத்தளத்துல இருக்கற சம வாய்ப்பு மையம் (மாற்றுத்திறனாளி, திருநங்கை, எஸ்சி எஸ்டி மாணவர்களுக்கு உதவற எடம்) நிர்வாக வசதிக்காக பழைய ப்ளாக் மூணாவது மாடிக்கு மாத்தப்படுது, அந்த ரூம் இனிமே ப்ளேஸ்மென்ட் செல்லுக்கு, சம்பந்தப்பட்டவங்க ஒத்துழைக்கணும். அவ்ளோதான். பழைய ப்ளாக்ல லிஃப்ட் கெடயாதுங்கறது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்த சர்க்குலர டைப் பண்ணினவருக்கும் தெரியும்.

நான் மூணாம் வருஷம் பி.காம். பொறந்ததுலேர்ந்தே செரிப்ரல் பால்சி, மூளை பாதிப்பால உடம்பு அசைவு சரியா வராத நெலம, ரெண்டு கையிலயும் க்ரட்சஸ் வச்சு நடக்கறவ. லெட்டர்ல பேர் போடாத, இன்டர்னல் மார்க் அவங்க கைலதான் இருக்குன்னு ஃப்ரெண்ட்ஸ் சொன்னாங்க. பேர் போடல. ஆனா அதுல என்ன பிரயோஜனம், இந்த காலேஜ்ல க்ரட்சஸ்ல வர்ற மூணாம் வருஷ பொண்ணு நான் ஒருத்திதான், ஒளிஞ்சுக்கணும்னாலும் எனக்கு எடம் இல்ல.

சர்க்குலர் வந்த மறுநாள் ஃப்ரீ அவர்ல நான் மேல ஏறிப் பாத்தேன். யாராவது ஒருத்தர் பாக்கணும்ல. 66 படி. கைப்பிடி ஒரு பக்கம் மட்டும்தான், அதுவும் ரெண்டாவது மாடி திருப்பத்தோட நின்னுபோகுது, அதுக்கு மேல வெறும் செவுரு. எனக்கு ஏற 20 நிமிஷம் ஆச்சு. ஏறறது கூட பரவால்ல மேடம், எறங்கறதுதான் பயம், க்ரட்சஸ்ல நடக்கற யார வேணா கேட்டுப் பாருங்க, ஏறும்போது தடுக்கினா புடிச்சுக்க முன்னாடி படி இருக்கும், எறங்கும்போது தடுக்கினா முன்னாடி ஒண்ணுமே இருக்காது. மேல போனா ரூம் பூட்டியிருக்கு. சாவி எங்கன்னு கேட்டேன், ஆஃபீஸ்லன்னாங்க. ஆஃபீஸ் எங்க இருக்கு? தரைத்தளத்துல. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன், உள்ள பழைய ஆன்சர் ஷீட் கட்டுங்க, கால் ஒடஞ்ச பெஞ்சுங்க. "கால் சரியில்லாததெல்லாம் ஒரே எடத்துல போட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க போலடி"ன்னு கூட வந்தவ சொன்னா. அப்ப நானும் சிரிச்சேன். ராத்திரி படுத்தப்பதான் அது சிரிக்கற விஷயமா தெரியல.

கீழ வந்து ஆஃபீஸ்ல கேட்டதுக்கு கெடச்ச பதில்: "வாரத்துக்கு ஏழெட்டு பேரு வர்றீங்க, அதுக்கு கீழ ஒரு முழு ரூம் எதுக்கும்மா? மேல போகணும்னா சொல்லு, நாலு பசங்கள அனுப்பறோம், தூக்கிட்டு போய் விட்ருவாங்க." சொன்னவரு நல்ல மனுஷன்தான், என் ஸ்காலர்ஷிப் ஃபாரத்துக்காக லீவு நாள்ல கூட வந்து சீல் வச்சு குடுத்தவரு, கெட்ட எண்ணத்துல சொல்லவே இல்ல. அதனாலதான் இந்த தூக்கிட்டு போற விஷயத்த பத்தி கொஞ்சம் விரிவா சொல்ல வேண்டியிருக்கு, ஏன்னா என்னை ஏற்கெனவே ஒரு தடவ தூக்கிட்டு போயிருக்காங்க.

மொத வருஷம் டிசம்பர் 3. ஐ.நா. 1992-ல அறிவிச்ச உலக மாற்றுத்திறனாளிகள் தினம், நம்ம காலேஜும் அனுசரிச்சுது. என்னை பேசக் கூப்பிட்டாங்க. அவ்ளோ சந்தோஷம் எனக்கு, மூணு நாள் ஒக்காந்து எழுதி மனப்பாடம் பண்ணிட்டு போனேன். ஆடிட்டோரியம் மேடைக்கு அஞ்சு படி, கைப்பிடி இல்ல. ஒருத்தர் பக்கத்துல நின்னா போதும் நான் மெதுவா ஏறிடறேன்னேன். சீஃப் கெஸ்ட்டுக்கு நேரமாகுதுன்னு, நான் சரின்னோ வேணாம்னோ சொல்றதுக்குள்ள, என்எஸ்எஸ் பசங்க நாலு பேரு என்னை ஒரு பிளாஸ்டிக் சேர்ல ஒக்கார வச்சு சேரோட தூக்கிட்டாங்க. ஹால் முழுக்க ஒரே கைதட்டல். என் க்ரட்சஸ் ரெண்டும் கீழ தரையில கெடக்கு. ஒரு கையால துப்பட்டாவ புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால சேர் கைப்பிடிய புடிச்சுக்கிட்டு நான் மேல போயிட்டிருக்கேன், சாஞ்சா விழுந்துருவேன், பசங்க முகம் எல்லாம் பக்கத்துல. மைக் குடுத்தாங்க, எழுதினது ஒரு வரி கூட ஞாபகம் வரல, எல்லாருக்கும் நன்றின்னு சொல்லிட்டு குடுத்துட்டேன். திரும்பி எறக்கி விடறதுக்கு ப்ரோக்ராம் முடியற வரைக்கும் ஒன்னேகால் மணி நேரம் மேடையிலயே ஒக்காந்திருந்தேன், ஏன்னா அந்த நாலு பேர்ல ரெண்டு பேரு டீ குடிக்க போயிட்டாங்க. அந்த வருஷ ஆண்டு மலர்ல அந்த போட்டோ முழுப் பக்கம் வந்துச்சு, கீழ "அரவணைப்போம்"னு தலைப்பு. என்னை யாரும் கேக்கல. எங்கம்மா அத பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம புக்க மூடி வச்சுட்டாங்க.

தூக்கறவங்களுக்கு அது அஞ்சு நிமிஷ உதவி. எனக்கு அது, நான் எப்ப ஒரு ரூமுக்கு போகணும் எப்ப வெளிய வரணும்ங்கறத நாலு பசங்களோட ஃப்ரீ அவர் முடிவு பண்றது. அஞ்சு படிக்கே அப்படின்னா 66 படிக்கு கணக்கு போட்டுக்கோங்க. ரேம்ப் யாரையும் நன்றி சொல்லச் சொல்றதில்ல, அதனாலதான் எங்களுக்கு ரேம்ப் புடிக்கும்.

ரேம்ப்னதும் ஞாபகம் வருது. போன வருஷம் காலேஜோட தரத்த மதிப்பிடற நாக் கமிட்டி வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் அந்த தரைத்தள ரூமுக்கு பெயின்ட் அடிச்சாங்க, வாசல்ல பெரிய போர்டு மாட்டினாங்க, ரெண்டு படிக்கு பக்கத்துல ஒரு சிமென்ட் ரேம்ப் போட்டாங்க. வந்தவங்கள நானே வாசல்ல நின்னு வரவேத்தேன், நிக்கச் சொன்னாங்க. அந்த ரெண்டு படியோட உயரம் ஒரு அடி இருக்கும். ஒரு அடி உயரத்துக்கு ரேம்ப் கொறஞ்சது 12 அடி நீளம் இருக்கணும், ஒன்னுக்கு பன்னெண்டுங்கறது கட்டட வேல பண்ற எல்லாருக்கும் தெரிஞ்ச அளவு, மத்திய அரசோட அணுகல் விதிமுறையிலயும் அதான் இருக்கு. நம்மளது நாலு அடி. வீல்சேர்ல வர்ற எங்க சீனியர் அண்ணன் அதுல முன்பக்கமா எறங்கினா மூஞ்சி தரையில போய்தான் நிக்கும்னு எப்பவும் ரிவர்ஸ்லதான் எறங்குவாரு, பின்னாடி யாராவது புடிச்சுக்கணும். இப்ப அந்த ரேம்ப் ஸ்டாஃப் ஸ்கூட்டிங்கள வராண்டாவுல ஏத்தி நிறுத்தறதுக்கு நல்லா பயன்படுது. சரி, அந்த குறையெல்லாம் கூட நாங்க பேசல, நாலு அடியாவது கெடச்சுதேன்னு இருந்தோம். கமிட்டி வந்துட்டு போயி ஒரு வருஷம் கூட ஆகல, ரூமே போச்சு.

அந்த ரூம்ல அப்படி என்னதான் நடந்துச்சுன்னு கேப்பீங்க. கேளுங்க, உள்ள வந்து பாத்த நிர்வாகக் குழு உறுப்பினர்னு எனக்கு தெரிஞ்சு யாரும் இல்ல.

பார்வை இல்லாத ஜூனியர் தம்பி ஒருத்தன், தமிழ் இலக்கியம் படிக்கறான், தினமும் மத்தியானம் அங்க வந்து ஒக்காருவான். அங்க ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கு, அதுல என்விடிஏ போட்டு வச்சிருக்கோம், திரையில இருக்கறத வாசிச்சு காட்டற சாஃப்ட்வேர், காசு கெடயாது, யார் வேணா டவுன்லோட் பண்ணலாம். ஆனா சார்ங்க அனுப்பற நோட்ஸ் எல்லாம் புக்க போட்டோ புடிச்சு பிடிஎஃப் ஆக்கினது. அத தொறந்தா அந்த சாஃப்ட்வேருக்கு ஒரு எழுத்து கூட தெரியாது, அதுக்கு அது வெறும் படம். 40 பக்கத்த அவன் கேக்க முடியாம ஒக்காந்திருப்பான், நாங்க யாராவது வாசிச்சு ரெகார்ட் பண்ணி குடுப்போம், இல்லன்னா டைப் அடிச்சு குடுப்போம். லைப்ரரியில புக்க ஸ்கேன் பண்ணி எழுத்தா மாத்தி குடுங்கன்னு கேட்டதுக்கு காப்பிரைட் பிரச்சன வரும்னாங்க. வராது மேடம். 2012-ல காப்பிரைட் சட்டத்த திருத்தினப்பவே, படிக்க முடியாத மாற்றுத்திறனாளிங்களுக்காக லாப நோக்கம் இல்லாம புக்க வேற வடிவத்துக்கு மாத்தறது குத்தம் இல்லன்னு சேத்துட்டாங்க. இதுக்குன்னே உலக அளவுல மராக்கேஷ் ஒப்பந்தம்னு ஒன்னு 2013-ல வந்துச்சு, அத மொதல்ல ஏத்துக்கிட்ட நாடே நம்ம நாடுதான், 2014-ல. அந்த பெருமை நம்ம லைப்ரரி கவுன்ட்டர் வரைக்கும் வந்து சேரல.

அதே தம்பிக்கு செமஸ்டர் பரீட்சையில ஸ்க்ரைப், அதாவது அவன் சொல்லச் சொல்ல எழுதற ஆள், ஏற்பாடு பண்றதும் அந்த ரூம்லதான். மத்திய அரசு 2018-ல போட்ட விதிமுறைப்படி ஒரு மணி நேரத்துக்கு கொறஞ்சது 20 நிமிஷம் கூடுதல் நேரம், அப்ப மூணு மணி நேர பரீட்சைக்கு நாலு மணி நேரம். போன நவம்பர்ல மூணு மணி நேரம் முடிஞ்சதும் ஹால்ல இருந்தவங்க எல்லாரோட பேப்பரோட சேத்து அவன் பேப்பரையும் வாங்கிட்டாங்க, காலேஜ் பஸ் கெளம்புதாம். அவன் ஹால்லேர்ந்து நேரா எங்க வந்தான்? அந்த ரூமுக்கு. மையத்தோட கோஆர்டினேட்டர் மேடம் அங்கேர்ந்தே எக்ஸாம் செல்லுக்கு நடந்து போயி பேசி மீதி நேரத்த வாங்கி குடுத்தாங்க, ஏன்னா எக்ஸாம் செல் அதே வராண்டாவுல பத்து அடி தள்ளிதான். இதே மூணாவது மாடியா இருந்திருந்தா அவன் படிய தடவித் தடவி மேல போயி, மேடம் கீழ எறங்கி வர்றதுக்குள்ள பேப்பர் கட்டு சீல் ஆகியிருக்கும்.

இன்னொருத்தி இருக்கா, கை நடுங்கும், அரை மணி நேரத்துக்கு மேல எழுத முடியாது. ஆனா சர்டிபிகேட்ல குறைபாட்டோட அளவு 40 சதவீதம் வரல, அதனால ஸ்க்ரைப் கெடயாதுன்னு ரெண்டு செமஸ்டர் சொன்னாங்க, ரெண்டுலயும் அரியர். 2021 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் விகாஷ் குமார்ங்கறவரோட வழக்குல இதே கேள்விக்குதான் பதில் சொல்லுச்சு, அவருக்கும் எழுதற கையிலதான் பிரச்சன, 40 சதவீதம் இல்லன்னு சிவில் சர்வீஸ் பரீட்சையில ஸ்க்ரைப் மறுத்தாங்க, கோர்ட் அது தப்புன்னு சொல்லுச்சு. அந்த தீர்ப்ப ப்ரின்ட் எடுத்து கோஆர்டினேட்டர் மேடம் குடுத்த பிறகுதான் அவளுக்கு மூணாவது தடவ அனுமதி கெடச்சுது. பாஸ் ஆயிட்டா.

அடுத்தது என் பேட்ச்ல இருக்கற ஒரு திருநங்கை தோழி. அவங்க சம்மதத்தோடதான் எழுதறேன், அவங்களே ஒரு வரி விடாம படிச்சு பாத்தாங்க. அட்டெண்டன்ஸ்ல பழைய பேரு இருக்கு. சர்டிபிகேட்ல பேரு மாறி வர்றதுக்கு கலெக்டர் ஆஃபீஸ்லேர்ந்து ஆரம்பிச்சு மாசக்கணக்கா ஆகும், அது அவங்களுக்கும் தெரியும். ஆனா க்ளாஸ்ல ஒரு சார் அந்த பேர மட்டும் கொஞ்சம் நீட்டி, நிறுத்தி கூப்பிடுவாரு, பின் பெஞ்சு சிரிக்கும், தினமும். 2014 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் தன் பாலினத்த தானே சொல்லிக்கற உரிமைய ஒத்துக்கிச்சு, 2019-ல சட்டமும் வந்துச்சு, அதுல கல்வி நிறுவனம் பாகுபாடு காட்டக்கூடாதுன்னு தனியாவே இருக்கு. சட்டம் கெடக்கட்டும், சர்டிபிகேட் வர்ற வரைக்கும் ஒருத்தர அவங்க சொல்ற பேர்ல கூப்பிட வாய் இருந்தா போதாதா? கோஆர்டினேட்டர் மேடம் ஹெச்ஓடிங்களுக்கு ஒரு சின்ன துண்டு சீட்டுல எழுதி அனுப்பினாங்க, கூப்பிடற பேரு இது, ரெக்கார்டு பேரு இதுன்னு. ஒரே ஒரு சீட்டு, சிரிப்பு நின்னுது. அந்த சார் இப்ப அவங்க சொல்ற பேரச் சொல்லித்தான் கூப்பிடறாரு, பழகிட்டாரு.

டாய்லெட் விஷயம் இங்க சொல்லியே ஆகணும், வெக்கப்பட்டா ஆகாது. அந்த ரூமோட சேந்த டாய்லெட் ஒன்னு இருக்கு, காலேஜ்ல கைப்பிடி கம்பியும் ஒக்கார்ற சீட்டும் இருக்கறது அது ஒன்னுதான். கதவுல ஆண் பெண்ணுன்னு படம் கெடயாது, தனி கதவு. எனக்கு அது வேணும், வீல்சேர் அண்ணனுக்கு வேணும், என் தோழிக்கும் வேணும், அவங்களுக்கு மத்த ரெண்டு பக்கமும் போனா ஒரு பக்கம் பயம் இன்னொரு பக்கம் சண்ட. அது வர்றதுக்கு முன்னாடி மொத வருஷம் நானும் அவங்களும் ஒரே டெக்னிக்தான், காலைல எட்டு மணிக்கு மேல தண்ணி குடிக்கறதில்ல. எனக்கு ரெண்டு தடவ யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்து இன்டர்னல் விட்டுப்போச்சு. இப்ப அந்த டாய்லெட் கதவுல "விருந்தினர்களுக்கு மட்டும்"னு புதுசா ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு, பூட்டும் தொங்குது. கம்பெனிலேர்ந்து வர்றவங்களுக்காம்.

சாதி விஷயத்துக்கு வர்றேன். இத எழுதும்போதுதான் எனக்கே கை கூசுது. ஸ்காலர்ஷிப் சீசன்ல க்ளாஸ் நடுவுல ஆள் வந்து "எஸ்சி எஸ்டி ஸ்காலர்ஷிப் பசங்க எந்திரிங்க"ன்னு சொல்றது இந்த காலேஜ்ல மட்டும் இல்ல, நெறைய எடத்துல நடக்கறதுதான். சொல்றவங்களுக்கு அது ஒரு அறிவிப்பு. எந்திரிச்சு நிக்கறவங்களுக்கு அன்னிலேர்ந்து பக்கத்து பெஞ்சு மாறும். என் க்ளாஸ்ல ஒருத்தி எந்திரிக்கவே இல்ல, அந்த வருஷ ஸ்காலர்ஷிப் பணமே வேணாம்னு விட்டுட்டா, அவங்க வீட்ல மொத மொத காலேஜ் பக்கம் வந்தவ அவதான். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2012-ல சமத்துவத்துக்குன்னு போட்ட விதிமுறையிலயே, க்ளாஸ்ல மாணவர்களோட சாதிய அறிவிக்கறத பாகுபாடுன்னு எழுதி வச்சிருக்காங்க, இட ஒதுக்கீட்டு மாணவர்னு முத்திர குத்தறதையும் சேத்துதான். அப்புறம் சம வாய்ப்பு மையம் வந்த பிறகு ஃபாரம் எல்லாம் அந்த ரூம்ல வாங்கி அந்த ரூம்லயே குடுக்கற மாதிரி ஆச்சு, லைப்ரரி போற மாதிரி போயிட்டு வந்துடலாம், யாருக்கும் தெரியாது. எடம் லைப்ரரிக்கு பக்கத்துல இருந்ததோட அருமையே அதான். இனிமே மூணாவது மாடிக்கு ஒருத்தி ஏறினாளே எதுக்கு ஏறினான்னு கீழ நிக்கற அத்தன பேருக்கும் தெரியும், ஏன்னா அங்க வேற ஒண்ணும் கெடயாது.

2023-ல நாங்குநேரியில ஸ்கூல் பசங்க வீடு புகுந்து கூட படிக்கற பையன வெட்டினப்ப தமிழ்நாடே பதறுச்சு, அரசு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில கமிட்டி போட்டுச்சு, 2024 ஜூன்ல அறிக்கையும் குடுத்தாங்க, கையில சாதிய காட்டற கலர் கயிறு கட்டறத தடுக்கணும்ங்கறது வரைக்கும் அதுல இருக்கு. கயிறு கட்டின கை ஸ்கூலோட நின்னுபோகுமா, அதே கைதான் நம்ம ஹாஸ்டலுக்கும் வருது. 2016-ல ஹைதராபாத்ல ரோஹித் வெமுலா, 2019-ல மும்பையில பாயல் தட்வி, படிக்கற எடத்துல சாதிப் பாகுபாடுன்னு புகார் எழ உயிர விட்ட மாணவர்ங்க, அவங்க ரெண்டு பேரோட அம்மாவும் சேந்து சுப்ரீம் கோர்ட்டுக்கு போயி கேட்டது என்ன, காலேஜ்ல புகார் சொல்ல போனா கேக்கற மாதிரி ஒரு அமைப்பு ஒழுங்கா வேல செய்யணும்ங்கறதுதான். இங்க அந்த மாதிரி எதுவும் நடக்கல, நடக்க வேணாம். அதுக்கு போயி சொல்ல ஒரு கதவு கண்ணுக்கு தெரியற எடத்துல தொறந்திருக்கணும்.

வாரத்துக்கு ஏழெட்டு பேருன்னு ஆஃபீஸ்ல சொன்னாங்கல்ல. ரெஜிஸ்டர் நோட்டு என்கிட்டதான் இருந்துச்சு, கையெழுத்து போட்டவங்கதான் ஏழெட்டு. ஃபாரம் வாங்க வர்ற யாரும் கையெழுத்து போட மாட்டாங்க, ஏன்னு மேல சொல்லிட்டேன். இன்னொன்னு, வராதவங்கள எந்த நோட்டுல எழுதறது? என்னோட மொத வருஷம் சேந்து நாலாவது மாசமே டிசி வாங்கிட்டு போன காது கேக்காத பையன் ஒருத்தன் இருந்தான், ஹிஸ்டரி. எல்லாரும் போர்டு பக்கம் திரும்பிட்டே பேசறாங்க, உதடு தெரியலன்னு எழுதி காமிச்சான். அப்ப மையம் பேருக்குதான் இருந்துச்சு, ரூம் இல்ல. அவன் போனது எந்த கணக்குலயும் இல்ல, ஆனா அட்மிஷன் கணக்குல அவன் இருந்தான், மாற்றுத்திறனாளிங்களுக்கான அஞ்சு சதவீதத்துல.

எங்க பக்கமும் தப்பு இருக்கு, அத மறைக்கல. மையம் பாதி நாள் மத்தியானத்துக்கு மேலதான் தொறக்கும். கோஆர்டினேட்டர் மேடம் வாரத்துக்கு 16 மணி நேரம் க்ளாஸ் எடுத்துட்டு மிச்ச நேரத்துல இத பாக்கறாங்க, அவங்களுக்கு உதவிக்கு ஆள் கெடயாது, நாங்க மாணவர்ங்கதான். கூட்டம் போடறோம்னு சொல்லிட்டு ஒரு செமஸ்டர் முழுக்க போடாம விட்டோம். ரூம்ல கதை பேசி சிரிச்சுட்டும் இருந்திருக்கோம், லைப்ரரிலேர்ந்து சத்தம் கொறைங்கன்னு வந்து சொல்லியிருக்காங்க. அந்த சிரிப்புக்கு மட்டும் நான் மன்னிப்பு கேக்க மாட்டேன், அங்க சிரிச்சவங்க பல பேருக்கு இந்த காம்பஸ்ல சிரிக்க வேற எடம் இருந்ததில்ல.

ப்ளேஸ்மென்ட் வேணாம்னு நான் சொல்லவே இல்ல. எனக்கும் வேல வேணும், எங்க வீட்ல அத நம்பித்தான் இருக்காங்க. ப்ளேஸ்மென்ட் இன்டர்வியூவும் தரைத்தளத்துலதான் நடக்கணும், மேல வச்சா வீல்சேர் அண்ணன் எப்படி வருவாரு. ஆனா தரைத்தளத்துல ஆஃபீஸுக்கு எதிர்ல கண்ணாடி கதவு போட்டு, ஏசி போட்டு ஒரு பெரிய ரூம் இருக்கே மேடம், கோப்பைங்க வச்சிருக்கற ரூம், வருஷத்துக்கு ரெண்டு தடவ தொறக்கறது. அத ப்ளேஸ்மென்ட்டுக்கு குடுங்க. கோப்பைங்கள மூணாவது மாடிக்கு அனுப்புங்க. அதுங்களுக்கு கால் வலிக்காது.

நாங்க கேக்கறது சலுகைன்னு யாராவது கூட்டத்துல சொன்னா, தயவு செஞ்சு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 16-வது பிரிவ வாசிச்சு காட்டுங்க. அரசு நிதி வாங்கற, அரசு அங்கீகாரம் இருக்கற கல்வி நிறுவனம், கட்டடத்தையும் வசதிங்களையும் நாங்க அணுகற மாதிரி வச்சிருக்கணும், ஒவ்வொருத்தர் தேவைக்கு ஏத்த மாதிரி ஏற்பாடு பண்ணணும்னு அதுல இருக்கு. நம்மளது அரசு உதவி பெறும் கல்லூரி. ஏற்கெனவே இருக்கற கட்டடங்கள மாத்தறதுக்கு அந்த சட்டம் குடுத்த கெடு விதிகள் வந்ததுலேர்ந்து அஞ்சு வருஷம், விதிகள் வந்தது 2017 ஜூன், அப்ப கெடு 2022-லயே முடிஞ்சுபோச்சு, நான் இந்த காலேஜுக்கு அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடி. 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட், அணுகல் விதிங்கறது சும்மா ஆலோசனையா இருக்கக்கூடாது, கட்டாயமா இருக்கணும்னு ராஜீவ் ரதூரி வழக்குல சொல்லிடுச்சு. இருக்கற வசதிய சரி பண்ணலன்னா கூட காசு இல்லன்னு ஒரு காரணம் சொல்லலாம். இருக்கறத எடுத்து எட்டாத எடத்துல வைக்கறதுக்கு என்ன காரணம் சொல்லுவீங்க?

இனி நாங்க கேக்கறது. மொதல்ல அந்த சர்க்குலர வாபஸ் வாங்கணும், இந்த வாரத்துக்குள்ள, ஏன்னா அடுத்த வாரம் ஸ்க்ரைப் லிஸ்ட் குடுக்கணும், கம்ப்யூட்டர் இப்ப ஒயர் புடுங்கி வராண்டாவுல கெடக்கு. அந்த டாய்லெட் கதவுல இருக்கற பேப்பரையும் பூட்டையும் இன்னிக்கே எடுக்கணும், இதுக்கு கமிட்டி எதுவும் தேவையில்ல. ரேம்ப இந்த செமஸ்டர் லீவுல இடிச்சு 12 அடிக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடியோட போடணும், அளவெடுக்கும்போது வீல்சேர் அண்ணன கூப்பிடுங்க, அவர் சும்மாவே சொல்லுவாரு. ஸ்கூட்டிங்க அதுல ஏறக்கூடாது.

ஸ்காலர்ஷிப் அறிவிப்பு க்ளாஸ்ல வாய்மொழியா வரக்கூடாதுன்னு ஒரு உத்தரவு உங்க கையெழுத்தோட வேணும். சார்ங்க, மேடம்ங்க எல்லாரும் நோட்ஸ டைப் பண்ணின ஃபைலா அனுப்பணும், பழைய நோட்ஸ மாத்தறதுக்கு நாங்க உக்காந்து டைப் அடிக்க ரெடி. ஸ்க்ரைபோட எழுதறவங்கள தனி ஹால்ல ஒக்கார வைங்க, அங்க இருக்கற இன்விஜிலேட்டருக்கு நாலு மணி நேரம்னு முன்கூட்டியே எழுதி குடுங்க, அன்னிக்கு காலேஜ் பஸ் ஒன்ன நிறுத்தி வைங்க. கூப்பிடற பேருக்கு அட்டெண்டன்ஸ்ல ஒரு தனி கட்டம் சேருங்க. கோஆர்டினேட்டர் மேடத்துக்கு க்ளாஸ் நேரத்த கொறைங்க, கூட ஒரு ஆள் குடுங்க. மையம் பத்தி எந்த முடிவு எடுக்கறதுக்கு முன்னாடியும் அத பயன்படுத்தறவங்கள்ல கொறஞ்சது மூணு பேர அந்த கூட்டத்துல ஒக்கார வைங்க, கூட்டம் தரைத்தளத்துல நடக்கட்டும். அப்புறம் ஆண்டு மலர் போட்டோ, அது காலேஜ் வெப்சைட்ல இன்னும் இருக்கு, அத எடுத்துடுங்க.

15 நாள் பாப்போம். அதுக்குள்ள எழுத்துல பதில் வரலன்னா மாற்றுத்திறனாளிகள் நல மாநில ஆணையருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இதே லெட்டர சர்க்குலரோட, அந்த 66 படி போட்டோவோட அனுப்புவோம். மிரட்டறதா நெனைக்காதீங்க, உங்ககிட்ட மொதல்ல சொல்லணும்னுதான் மொதல்ல உங்களுக்கு எழுதறேன்.

பதில் எழுதினா பழைய ப்ளாக் மேல ஒட்டாதீங்க, கீழ லைப்ரரி வாசல் போர்டுல ஒட்டுங்க. தம்பிக்கும் ஒரு காப்பி அனுப்புங்க, டைப் பண்ணினதா. போட்டோ புடிச்சு அனுப்பாதீங்க மேடம், அவனுக்கு கேக்காது.

இப்படிக்கு,
மூணாம் வருஷ பி.காம் மாணவி,
கூட சம வாய்ப்பு மையத்துல ஒக்காந்திருந்த எல்லாரும்